தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கில ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிக்கிறீர்கள்?

வைகைக்கரை
பிப்ரவரி 6, இரவு 10:14

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். பள்ளியும் பி.எஸ்சியும் தமிழ் வழி. தேசிய அறிவியல் நாளுக்காக எங்கள் துறையில் ஆளுக்கு ஒரு மூலக் கட்டுரையைக் கொடுத்து, 15 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்தது சர் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் எழுதிய கடிதம். 1928 மார்ச் 31 நேச்சர் இதழில் வந்தது.

ஒரு பக்கம்கூட இல்லை. ராமன் விளைவைப் (ஒளி சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதியின் நிறம் மாறுவது) பற்றி பி.எஸ்சி தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன்தான் நான். ஆனாலும் மூன்று இரவாக முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரிகிறது, வாக்கியத்துக்குத்தான் தெரியவில்லை. கடைசிச் சொல்லுக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடுகிறது.

போன பருவத்தில் இதேபோல ஒரு கருத்தரங்கில் கட்டுரையின் வரிகளை அப்படியே திரையில் போட்டு வாசித்தேன். "இதை உன் சொந்தச் சொல்லில் சொல்" என்று கேட்டதும் வாய் அடைத்து நின்றேன். மறுபடியும் அப்படி நிற்க மனமில்லை. அகராதி பார்ப்பதைத் தவிர வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.


மலைக்காகம்
பிப்ரவரி 6, இரவு 11:02

தம்பி, நானும் தமிழ் வழிதான். இப்போது ஒரு வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிறேன், வாரத்துக்கு நாலைந்து கட்டுரையாவது படித்தாக வேண்டிய வேலை. முதலில் ஒன்று சொல்கிறேன். கட்டுரையை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வரிசையாகப் படிப்பவர் எங்கள் ஆய்வகத்தில் யாருமே இல்லை. எங்கள் பேராசிரியரும் அப்படிப் படிப்பதில்லை.

கணினியியல் பேராசிரியர் எஸ். கேசவ் 2007-ல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார், ஆய்வுக் கட்டுரையைப் படிப்பது எப்படி என்று. மூன்று சுற்றாகப் படிக்கச் சொல்கிறார். முதல் சுற்று 5 முதல் 10 நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. இரண்டாம் சுற்று ஒரு மணி நேரம் வரை: படங்கள், வரைபடங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும், நிரூபண விவரங்களை விட்டுவிடலாம். மூன்றாம் சுற்றில்தான் அந்த வேலையை நாமே செய்வதுபோல முழுவதும் கட்டிப் பார்ப்பது. புதியவருக்கு இதற்கு நாலைந்து மணி நேரம் ஆகலாம் என்கிறார். எனக்கு இதில் பிடித்தது, முதல் சுற்றில் புரியாமல் இருக்க அனுமதி உண்டு என்பதுதான். நீ முதல் வாக்கியத்திலேயே மூன்றாம் சுற்றை நடத்திக்கொண்டிருக்கிறாய்.

உன் கடிதத்தில் உட்தலைப்பு எதுவும் இராது, பழைய நடை. ஆனாலும் முதலில் ஓட்டமாக ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி, "எதைத் தேடினார்கள், என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள்" என்று உனக்குத் தோன்றியதைத் தமிழில் எழுதிப் போடு. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.


வைகைக்கரை
பிப்ரவரி 7, காலை 7:20

அண்ணா, செய்து பார்த்தேன். கிடைத்தது இவ்வளவுதான்: சூரிய ஒளியை எடுத்துக்கொண்டார்கள். தொலைநோக்கியின் பெரிய வில்லையால் குவித்தார்கள். நீல-ஊதா வடிகட்டி, மஞ்சள்-பச்சை வடிகட்டி என்று இரண்டு. சுமார் 60 திரவங்களைச் சோதித்தார்கள், எல்லாவற்றிலும் விளைவு தெரிந்தது. அது ஒளிர்தல் (ஒளியை உறிஞ்சிய பொருள் தானே வேறு நிற ஒளியை வெளிவிடுவது) இல்லை என்கிறார்கள்.

எழுதிய பிறகுதான் தெரிகிறது, எனக்கு நடுப்பகுதியும் கடைசியும் ஓரளவு புரிந்திருக்கிறது, முதல் பத்திதான் இருட்டு. மூன்று நாளும் அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.


கரும்பலகை
பிப்ரவரி 7, மதியம் 1:35

தம்பி, நான் 31 வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்தக் கடிதம் என் பிள்ளைகளுக்குப் பலமுறை வாசித்துக் காட்டியது. கிருஷ்ணன் எங்கள் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்தவர் என்பதால் கூடுதல் பிரியம்.

முதல் வாக்கியம் ஏறத்தாழ 80 சொல் நீளம். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் இரண்டாம் முறை படிக்க வேண்டிய வாக்கியம் அது. உன் குறை என்று நினைக்காதே.

சொற்பொருளை எல்லாம் அழி. அந்த வாக்கியத்தில் மூன்றே இடத்தில் வட்டம் போடு. 'இஃப் வீ அஸ்யூம் தட்' ஒன்று. நடுவில் வரும் 'வைல்' ஒன்று. 'இட் வுட் ஃபாலோ தட்' ஒன்று. வீட்டைத் தாங்கும் தூண்கள் இவை, மற்றதெல்லாம் செங்கல். தூண்களை மட்டும் தமிழாக்கிப் பார்: "இப்படி வைத்துக்கொண்டால்... மற்றொன்றோ இப்படி... அப்படியானால் இப்படி இருக்க வேண்டும்."

'வைல்' என்பதற்கு மேலே நீ 'போது' என்று எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே அது நேரத்தைச் சொல்லவில்லை. 'அதுவோ இப்படி, இதுவோ அப்படி' என்று இரண்டை எதிரெதிரே வைக்கிறது. உன்னை மூன்று நாள் நிறுத்தி வைத்தது இந்தச் சின்னச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும். பெரிய சொல்லுக்கு அகராதியில் ஒரே பொருள்தான் இருக்கும். சின்னச் சொல்லுக்குத்தான் பத்து.

இப்போது ஒரு வாக்கியத்தை ஏழாக உடைக்கலாம். இயற்பியலாளர் காம்ப்டன் எக்ஸ் கதிர்களில் இரண்டு வகைச் சிதறலைக் கண்டார். ஒன்று அலைநீளம் மாறாதது. அது அணுக்கள், மூலக்கூறுகளின் சராசரி நிலையைச் சார்ந்தது என்று கொள்வோம். மற்றொன்று அலைநீளம் மாறியது. அது அந்தச் சராசரியிலிருந்து ஏற்படும் ஏற்ற இறக்கத்தைச் சார்ந்தது என்று கொள்வோம். அப்படியானால் சாதாரண ஒளியிலும் இரண்டு வகைச் சிதறல் இருக்க வேண்டும். ஒன்று வழக்கமானது, மற்றது அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டுவது.

ஒரே மூச்சில் 80 சொல்லைச் சுமக்க நம் நினைவால் முடியாது. ஏழு சின்ன வாக்கியத்தைச் சுமக்கும். அடுத்த நீள வாக்கியத்தை, 'தி எக்ஸ்பெரிமென்ட்ஸ்' என்று தொடங்குவதை, நீ உடைத்துக் காட்டு.


தறிநாடா
பிப்ரவரி 7, மாலை 4:10

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே, படம் பிடித்தால் தமிழில் கொடுத்துவிடும். நேரம் குறைவாக இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதில் என்ன தவறு? உண்மையாகவே கேட்கிறேன், என் தங்கை நர்சிங் படிக்கிறாள், அவளுக்கும் இதே சிக்கல்.


நெல்வயல்
பிப்ரவரி 7, மாலை 5:48

தறிநாடா, பயன்படுத்தலாம், ஆனால் கடைசியில். நான் நெல் நோயியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒருமுறை அவசரத்துக்குச் செயலியை நம்பினேன். பூஞ்சையின் 'கல்ச்சர்' என்பது 'பண்பாடு' என்று வந்தது. இது பார்த்தவுடன் தெரிந்துவிடும் தவறு, ஆபத்தில்லை. ஆபத்தானது பார்த்தால் தெரியாத தவறு. 'மே ரெட்யூஸ்' என்று கட்டுரையாளர் தயங்கிச் சொன்ன இடம் 'குறைக்கிறது' என்று உறுதியாக வந்தது. 'குறைக்கக்கூடும்' என்றால் இன்னும் சோதிக்க வேண்டும். 'குறைக்கிறது' என்றால் வயலில் தெளிக்கலாம். உங்கள் தங்கை படிக்கும் துறையில் இந்த வித்தியாசம் மருந்தளவுக்குப் போய்விடும்.

அதனால் என் வழக்கம்: முதலில் நானே படித்து, நானே தமிழில் இரண்டு வரி எழுதுவேன். பிறகு செயலி தருவதோடு ஒப்பிடுவேன். இரண்டும் முரண்படும் இடத்தில் மூலத்துக்குத் திரும்புவேன். அப்படிச் செய்தால் செயலியும் ஒரு வாத்தியார்தான்.

இன்னொன்று, அகராதி உழைப்பை எங்கே செலவிடுவது என்பது. ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000-ல் ஒரு கல்விச் சொற்பட்டியல் வெளியிட்டார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள். எந்தத் துறையின் கல்வி நூலை எடுத்தாலும் அதில் வரும் சொற்களில் பத்தில் ஒன்று ஏறக்குறைய இந்தக் குடும்பங்களைச் சேர்ந்ததாக இருக்கும். துறைச் சொற்கள் இதில் இல்லை. அவை பாடத்திலேயே பழகிவிடும். அஸ்யூம், கரஸ்பாண்ட், இண்டிகேட், மாடிஃபை, டிடெக்ட், டெமான்ஸ்ட்ரேட் மாதிரிச் சொற்கள்தான் பட்டியல் முழுக்க. டீச்சர் உடைத்த கடிதத்தில் இந்த ஆறும் ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கின்றன. நாளுக்கு ஐந்து படித்தால் நான்கு மாதத்துக்குள் முடியும். நான் பேருந்தில் போகும்போது முடித்தேன்.

அப்புறம் பழகிய முகத்தோடு வந்து ஏமாற்றும் சொற்கள். 'சிக்னிஃபிகன்ட்' என்றால் முக்கியமானது என்று பள்ளியில் படித்தோம். கட்டுரையின் முடிவுப் பகுதியில் வந்தால் பெரும்பாலும் வேறு பொருள்: இந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று புள்ளியியல் சோதனை சொல்கிறது, அவ்வளவுதான். வேறுபாடு கடுகளவாகக்கூட இருக்கலாம். 'கன்ட்ரோல்' என்பது கட்டுப்பாடு அல்ல, மருந்து தெளிக்காமல் ஒப்பிடுவதற்காக விட்டுவைத்த பாத்தி. 'ரெஸ்பெக்டிவ்லி' என்பதற்கு நம்மிடம் 'முறையே' என்று ஒரே சொல் இருக்கிறது. அதைப் பார்த்ததும் பின்னால் போய் ஒன்றுக்கு ஒன்று கோடு போட்டு இணைத்துவிடுங்கள்.


வைகைக்கரை
பிப்ரவரி 7, இரவு 9:30

டீச்சர், உடைத்துப் பார்த்தேன். என் முயற்சி: "எங்கள் சோதனைகள் இந்த எதிர்பார்ப்பை உறுதி செய்தன. தூசி இல்லாத திரவம், வாயு ஆகியவற்றில் ஒளி சிதறும்போதெல்லாம், மாறிய கதிர்வீச்சோடு சாதாரணக் கதிர்வீச்சும் சேர்ந்து வருகிறது. அதன் அதிர்வெண் தரம் தாழ்ந்தது."

'டீகிரேடட்' என்பதற்கு 'தரம் தாழ்ந்த' என்று போட்டிருக்கிறது. அதிர்வெண்ணுக்கு ஏது தரம்?


கரும்பலகை
பிப்ரவரி 8, காலை 6:05

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு இடம் திருத்தலாம்.

'டீகிரேடட்' என்றால் இங்கே குறைந்தது, அவ்வளவே. அதிர்வெண் குறைந்தது, ஆகவே அலைநீளம் கூடியது. உனக்குச் சந்தேகம் வந்ததே, அதுதான் சரியான படிப்பு. அகராதி தந்த பொருளை இயற்பியலை வைத்துச் சோதித்திருக்கிறாய். பொருந்தாத பொருளை ஏற்றுக்கொள்ளாதே.

அடுத்தது 'இஸ் அக்கம்பனீட் பை'. எது முன்னால் நிற்கிறதோ அது முதலில் இருப்பது, 'பை'க்குப் பின்னால் வருவது துணைக்கு வந்தது. "மாப்பிள்ளையோடு தோழன் வந்தான்" என்பதை "தோழனோடு மாப்பிள்ளை வந்தான்" என்று சொன்னால் கல்யாணம் யாருக்கு என்று மாறிவிடும் இல்லையா? சாதாரணச் சிதறல் எல்லோருக்கும் தெரிந்தது. அதோடு கூட, இதுவரை யாரும் சரியாகப் பார்க்காத ஒன்று, நிறம் மாறிய ஒளி, வருகிறது. செய்தி அதுதான். செயப்பாட்டு வினை வரும் இடத்தில் இந்தத் திசையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்.

இன்னொரு விஷயம் சொல்கிறேன், இது ஆங்கிலமும் தமிழும் நடக்கும் விதத்தைப் பற்றியது. நம் மொழியில் அடைமொழி முழுவதும் முன்னால் வந்து, பொருள் கடைசியில் வரும். "தூசியற்ற திரவத்திலுள்ள மூலக்கூறுகள் சிதறடித்த ஒளி." ஆங்கிலத்தில் இதே தொடர் ஒளியில் தொடங்கி, சிதறடித்ததைச் சொல்லி, மூலக்கூறுக்குப் போய், திரவத்தில் முடியும். ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து ஏறுவதுபோல. அதனால் 'ஆஃப்', 'இன்', 'விச்', 'பை' என்று சங்கிலி நீளும்போது கடைசிக் கண்ணிக்குப் போய் அங்கிருந்து தமிழில் திரும்பி வா. வாக்கியம் தானாகவே நம் வரிசைக்கு வந்து நிற்கும்.

ஆனால் பெயர்ச்சொற்களை ஒட்டி ஒட்டி அடுக்கும்போது ஆங்கிலமும் நம்மைப் போலத்தான். 'அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி சத்துணவுக் கூடம்' என்றால் கடைசியில் அது ஒரு கூடம். 'ரைஸ் லீஃப் வாட்டர் லாஸ் ரேட்' என்றால் கடைசியில் அது ஒரு வீதம்: நெல் இலை நீர் இழப்பு வீதம். வரிசையைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பயமே வேண்டாம்.


பனங்கூடல்
பிப்ரவரி 8, மதியம் 12:40

நான் யாழ்ப்பாணம். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு விஞ்ஞான பீடத்துக்குப் போனால் முதல் நாள் விரிவுரையே ஆங்கிலம். அரைவாசி விளங்கவில்லை. எங்கள் வகுப்பில் அநேகம் பேருக்கு அதே நிலைமைதான்.

எனக்குக் கைகொடுத்தது இரண்டு பக்கக் கொப்பி. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் உயர்தரத்தில் படித்த தமிழ்ச் சொல். தெரியாத பாடம் என்று நினைத்துப் பயந்த பலதும் தெரிந்த பாடம்தான், பெயர் மட்டும் புதிது. ஒஸ்மோசிஸ் என்று கேட்டதும் மிரண்டுபோனேன், பார்த்தால் அது எங்கள் பிரசாரணம். நீங்கள் அதைச் சவ்வூடு பரவல் என்பீர்கள். நாங்கள் ஒளித்தொகுப்பு என்றால் நீங்கள் ஒளிச்சேர்க்கை, எங்கள் அமுக்கம் உங்கள் அழுத்தம். ஆகவே இந்த இழையைப் படிக்கும் ஈழத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: தமிழ்நாட்டுச் சொற்பட்டியலை அப்படியே எடுக்காமல் உங்கள் பாடநூலில் இருக்கும் சொல்லை எழுதுங்கள். மனதில் ஏற்கெனவே ஒரு கருத்து உட்கார்ந்திருக்கும் சொல்லோடு கட்டினால்தான் புதுச் சொல் நிற்கும்.

தம்பி வைகைக்கரை, கடிதத்தைத் தொட முதல் ஒளிச்சிதறல் பற்றி உங்கள் தமிழ்ப் பாடநூலில் இருக்கும் பக்கத்தைப் படித்தீர்களா? கட்டுரைக்குப் போக முதல் அந்த விடயத்தைத் தமிழில் பத்து நிமிடம் படித்துவிட்டுப் போனால் ஆங்கிலம் பாதி இலகுவாகிவிடும். சொல்லைத் தேடுவதற்குப் பதிலாக, தெரிந்த கருத்தை அடையாளம் காண்கிற வேலையாகிவிடும்.


மலைக்காகம்
பிப்ரவரி 8, இரவு 8:15

எனக்கு இங்கே ஒரு மாறுபட்ட கருத்து. தமிழாக்கிப் படிப்பது தொடக்கத்தில் சரி. ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் வேகம் வராது. நான் இரண்டு வருடம் எல்லாவற்றையும் மனதுக்குள் தமிழாக்கித்தான் படித்தேன், ஒரு கட்டுரைக்கு ஒரு வாரம் ஆனது. பிறகு வேண்டுமென்றே நிறுத்தினேன். ஓரக்குறிப்பைக்கூட உடைந்த ஆங்கிலத்திலேயே எழுதப் பழகினேன். நாலைந்து மாதம் திணறல், அப்புறம் சரியானது. எழுதும்போதும் பேசும்போதும் ஆங்கிலம்தானே தேவைப்படுகிறது?


கரும்பலகை
பிப்ரவரி 9, காலை 6:20

மலைக்காகம் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் எல்லா வாக்கியத்தையும் தமிழாக்கச் சொல்லவில்லை. கடிதத்தின் நடுப்பத்தியில் கருவி விவரம் வருகிறது: 18 சென்டிமீட்டர் விட்டம், 230 சென்டிமீட்டர் குவியத் தொலைவு. இதைத் தமிழாக்க என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்துப் போகலாம். வாதம் நடக்கும் வாக்கியம் வந்தால் மட்டும் நின்று, உடைத்து, தாய்மொழியில் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன். எனக்குப் புரிந்ததா இல்லையா என்று நான் என்னையே ஏமாற்ற முடியாத மொழி தமிழ். ஆங்கிலத்தில் கட்டுரையின் சொற்களையே திருப்பிப் போட்டுவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்ளலாம். தம்பி போன பருவம் மாட்டிக்கொண்டது அப்படித்தானே.

வேகம் பழக்கத்தில் வரும். அதற்கு முன்னால் பொருள் வரட்டும்.


நெல்வயல்
பிப்ரவரி 9, காலை 9:00

நான் இருவருக்கும் நடுவில். என் துறைக் கட்டுரையை ஆங்கிலத்திலேயே படிக்கிறேன். துறைக்கு வெளியே, புள்ளியியல் முறைகள் பற்றி ஏதாவது வந்தால், இன்றைக்கும் தமிழில் எழுதித்தான் புரிந்துகொள்கிறேன்.


வைகைக்கரை
பிப்ரவரி 11, இரவு 11:25

பனங்கூடல் அண்ணா சொன்னபடி பாடநூலைப் படித்துவிட்டு வந்தேன். பெரிய வித்தியாசம் தெரிகிறது, நன்றி.

இப்போது வடிகட்டிச் சோதனையில் நிற்கிறேன். இரண்டு வடிகட்டியையும் சூரிய ஒளியின் பாதையில் வைத்தால் திரவத்தில் ஒளியின் தடம் முழுவதும் மறைகிறது. மஞ்சள் வடிகட்டியை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் வைத்தால் தடம் மறுபடி தெரிகிறது. புது ஒளி இருப்பதற்கு இதுவே நிரூபணம் என்கிறார்கள். எனக்குச் சொல் எல்லாம் புரிகிறது, வாதம் புரியவில்லை. ஒரு வடிகட்டியை வழியிலிருந்து எடுத்துவிட்டால் ஒளி வரத்தானே செய்யும்? இதில் நிரூபணம் எங்கே?


மலைக்காகம்
பிப்ரவரி 12, காலை 7:50

இது ஆங்கிலச் சிக்கல் இல்லை, ஆனால் ஆங்கிலம் படிக்கும்போது எல்லோருக்கும் வருகிற சிக்கல். மொழியோடு போராடுகிற களைப்பில் படம் போட மறந்துவிடுகிறோம். தாளில் இடமிருந்து வலமாக வரை: சூரியன், வடிகட்டிகள், திரவக் குடுவை, கண். இரண்டு நிலைக்கும் இரண்டு படம். பிறகு சூரியனுக்கும் கண்ணுக்கும் நடுவே மொத்தம் எத்தனை வடிகட்டி என்று எண்ணு.


வைகைக்கரை
பிப்ரவரி 12, மாலை 6:30

அண்ணா! இரண்டு படத்திலும் இரண்டு வடிகட்டி! ஒன்றையும் எடுக்கவில்லை, திரவத்துக்கு முன்னால் இருந்தது பின்னால் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நீல-ஊதா மட்டும் திரவத்துக்குள் போகிறது. சாதாரணச் சிதறல் என்றால் வெளியே வருவதும் நீல-ஊதாதான், அதைக் கண்ணுக்கு முன்னால் உள்ள மஞ்சள்-பச்சை வடிகட்டி தடுத்துவிடும், இருட்டாகத்தான் இருக்க வேண்டும். தடம் தெரிகிறது என்றால் உள்ளே போகாத நிறம் திரவத்துக்குள்ளேயே பிறந்திருக்கிறது. எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது. தேர்வில் இவ்வளவு எழுதியும் இதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.


கரும்பலகை
பிப்ரவரி 12, இரவு 7:15

இந்தச் செய்தியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி. கல்கத்தாவின் 210 பவ்பஜார் தெருவில், 1928-ல், அவர்கள் கண்ணால் பார்த்ததை நீ உன் தாளில் பார்த்துவிட்டாய்.

இனி ஒரே ஒரு வாக்கியம் பாக்கி. கடைசிப் பத்தியில் 'தட்' என்று தொடங்குகிறதே, அது. 'தட் தி எஃபெக்ட் இஸ் எ ட்ரூ ஸ்கேட்டரிங்' என்று வருவதை 'அந்த விளைவு' என்று படித்தால் வாக்கியம் முழுவதும் கவிழும். வாக்கியத்தின் தலையில் வரும் இந்தத் 'தட்', நம்முடைய 'என்பது'. நாம் கடைசியில் வைப்பதை அவர்கள் முதலில் வைக்கிறார்கள். "இது உண்மையான சிதறலே, ஒளிர்தல் அல்ல என்பது, இரண்டு காரணங்களால் தெரிகிறது." அப்புறம் காரணங்கள்: ஒன்று, சாதாரணச் சிதறலோடு ஒப்பிட்டால் மிக மங்கலாக இருக்கிறது. இரண்டு, அது தளவிளைவு (ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிர்வது) கொண்டிருக்கிறது, பல திரவங்களில் வலுவாகவே.

இப்போது முடிவைச் சொல்லும் சொற்களை மட்டும் வரிசையாகப் பார். வடிகட்டிச் சோதனைக்கு அவர்கள் போட்ட சொல் 'ப்ரூஃப்', நிரூபணம். ஒளிர்தல் அல்ல என்பதற்குப் போட்ட சொல் 'இண்டிகேட்டட்', சுட்டுகிறது. இரண்டும் ஒரே எடை இல்லை. முதலாவதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள், இரண்டாவதை ஒரு படி இறங்கி. எதை எவ்வளவு நம்பலாம் என்று ஆசிரியர்களே நமக்குச் சொல்லும் இடம் அந்தச் சொல்தான். உன் பேச்சிலும் இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடாதே.

ஏன் ஒளிர்தலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். 1923-ல் ராமனின் குழுவில் இருந்த கே. ஆர். ராமநாதன் இந்த மங்கிய ஒளியைக் கண்டார். அழுக்குப் பொருளால் வரும் பலவீனமான ஒளிர்தலாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். திரவத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தும் அது போகவில்லை. கடிதத்தில் 'இன் வேக்குவோ', அதாவது வெற்றிடத்தில், திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்த திரவம் என்று சொல்கிறார்களே, அந்த நான்கு சொல்லுக்குள் ஐந்து வருடச் சந்தேகம் இருக்கிறது.


மலைக்காகம்
பிப்ரவரி 12, இரவு 9:40

டீச்சர் சொன்னதோடு ஒன்று. கடிதத்தின் முதல் பத்தியில் இருக்கும் 'ஏற்ற இறக்கம்' என்ற விளக்கத்தையும், இன்று நாம் படிக்கும் விளக்கத்தையும் குழப்பிக்கொள்ளாதே. இன்று, ஒளித்துகள் மூலக்கூறின் அதிர்வு, சுழற்சி ஆற்றல் மட்டங்களோடு ஆற்றலைப் பரிமாறிக்கொள்கிறது என்கிறோம். கடிதத்தில் அந்த மொழி இல்லை. அவர்கள் கண்டது அப்படியே நிற்கிறது, விளக்கம் பிறகு கூர்மையானது. உனக்குத் தெரிந்த பாடத்தைக் கட்டுரைக்குள் ஏற்றிப் படிக்காமல், அவர்கள் சொன்னதை மட்டும் அவர்கள் சொன்னதாகச் சொல். இந்தத் தவறை நான் நிறைய செய்திருக்கிறேன்.


தறிநாடா
பிப்ரவரி 13, காலை 8:05

நேற்று இரவு தங்கையை உட்காரவைத்து இந்த இழை முழுவதையும் படிக்கச் சொன்னேன். அவளுடைய பாடத்தில் ஒரு பத்தியை எடுத்துத் தூண்களுக்கு வட்டம் போட்டுப் பார்த்தோம். 'அன்லெஸ்' என்ற ஒரு சொல்லைச் செயலி விட்டுவிட்டிருந்தது, அவளே கண்டுபிடித்தாள். அந்த மருந்தை எப்போது கொடுக்கக் கூடாது என்பதே அந்தச் சொல்லில்தான் இருந்தது. நெல்வயல், நீங்கள் எச்சரித்தது இதைத்தான். நன்றி.


வைகைக்கரை
பிப்ரவரி 28, மாலை 5:55

பேசிவிட்டேன். தாளைப் பார்க்காமல், கரும்பலகையில் அந்த இரண்டு வடிகட்டிப் படத்தையும் வரைந்து தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினேன். 15 நிமிடம் போதவில்லை. தூசி இல்லாத திரவம் ஏன் என்று கேட்டார்கள். தூசித் துகள் இருந்தால் நிறம் மாறாத சிதறலே பலமாக வந்து மங்கலானதை மூடிவிடும் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். 'ப்ரூஃப்', 'இண்டிகேட்டட்' வித்தியாசத்தைச் சொன்னபோது எங்கள் துறைத் தலைவர் கடிதத்தை வாங்கி அந்த வரியைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை. வாயுக்களில் விளைவு மிக மங்கல், ஆனால் ஆவி போதிய அடர்த்தியோடு இருந்தால் எளிதாகக் காட்டலாம் என்று சொல்லி ஈதர், 'அமைலீன்' என்று இரண்டு எடுத்துக்காட்டு கொடுக்கிறார்கள். அமைலீன் என்றால் என்ன என்று கேட்டார்கள். என் பாடநூல் எதிலும் இல்லை. மலைக்காகம் அண்ணா?


மலைக்காகம்
பிப்ரவரி 28, இரவு 8:20

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. அமைலீன் பழைய பெயர், இன்றைய பாடநூலில் கிடைக்காது. ஐந்து கார்பன், பத்து ஹைட்ரஜன், ஒரு இரட்டைப் பிணைப்பு. நாம் இப்போது பென்டீன் என்கிறோம். எளிதில் ஆவியாகும் திரவம், சில வகைகள் 40 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும். அதனால்தான் அடர்த்தியான ஆவி வேண்டும் என்றபோது அவர்கள் கை ஈதருக்கும் இதற்கும் போயிருக்கிறது. பழைய கட்டுரைகளில் இப்படிப் பெயர் மாறிய பொருள்கள் நிறைய வரும். உன் கொப்பியில் அதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கிவிடு. முதல் வரியில் அமைலீனை எழுது.